நாடும் கண்டமும்: குமரிக்கண்ட நிலப்படங்களின் சொற்பொருள் அடிப்படை

கற்பனை நிலம் ஒன்றுக்குப் படம் வரைபவர், ஆறு எங்கே தோன்றி எங்கே கடலில் கலக்கிறது, மலை எப்பக்கத்து மழையைத் தடுக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். தமிழில் பலமுறை வரையப்பட்ட குமரிக்கண்டப் படங்களில் இவ்வினாக்களுக்கு இடமில்லை. அவை நிலத்திலிருந்து அன்றிச் சொற்களிலிருந்து வரையப்பட்டவை.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், கடல்கொண்ட நிலம் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்றும், அங்கே ஏழேழாக 49 நாடுகள் இருந்தன என்றும் குறிப்பிடுகிறார். இவ்வுரையுடன் கூடிய உ. வே. சாமிநாதையர் பதிப்பு 1892-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1864-இல், மடகாஸ்கரின் லெமூர் இனங்களை விளக்க விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர் 'லெமூரியா' என்னும் கருதுகோளை முன்வைத்திருந்தார். இரண்டும் ஒன்றாக்கப்பட்ட வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004-இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1960-களில் நிலத்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின் லெமூரியாவுக்கு அறிவியலில் தேவை இல்லாமற் போயிற்று. படங்கள் மட்டும் நின்றன.

'நாடு' என்னும் சொல்லே இங்கு முதன்மையாக நோக்கத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் அது சில ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவு, எ. சுப்பராயலு 1973-இல் இவற்றை நிலப்படத்திலேயே இட்டுக் காட்டினார். குமரிமுனையை ஒட்டிய நாஞ்சில் நாடு முழுவதும் தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களுக்குள் அடங்கும். அத்தகைய நாடுகள் 49 சேர்ந்தாலும் கண்டம் ஆகாது. 'கண்டம்' என்பதும் வடமொழியில் துண்டு, பகுதி எனப் பொருள்படுவதே. கந்தபுராணத்துக் குமரிகண்டம் பரதகண்டத்தின் ஒன்பது கூறுகளுள் ஒன்று. பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லில் ஏற்றியதால் நிலம் பெருத்தது.

காவதக் கணக்கோ இன்னும் விந்தையானது. ஒரு காவதத்தைப் பத்து மைலாகக் கொண்டு குமரிமுனையிலிருந்து நேர் தெற்கே 7000 மைல் அளந்தால், தென்துருவத்தையும் தாண்டிச் செல்ல நேரும்!

மாறாக, உரையாசிரியரின் பெயர்ப்பட்டியல் நிலவியல் நோக்கில் நம்பத்தக்கது. தெங்கநாடு, குன்றநாடு, குறும்பனைநாடு, முன்பாலைநாடு, பின்பாலைநாடு: தென்னையும் பனையும் குன்றும் வறண்ட நிலமும் அடுத்தடுத்து அமைவது தென்கோடிக் கரையில் இன்றும் காணும் இயல்பு. படம் வரைந்தோர் கண்டத்தின் பரப்பை விரும்பினரேயன்றி, இக்குறிப்புகளைப் பொருட்படுத்தினாரில்லை.

ஏழேழு என்பது எண்ணிக்கையா, மரபுத்தொடரா என்பதற்கு மாதேஸ்வரன் மலை ஒரு சான்று தரும். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், பின்னர் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய இம்மலைத் தெய்வத்தைக் கன்னட வாய்மொழிக் காப்பியம் 77 மலைகளுக்கு உடையவர் என்று போற்றுகிறது. ஆனுமலை, ஜேனுமலை, பச்செமலை, கொங்குமலை என மலைப்பெயர்கள் வழங்குகின்றன. 'ஜேனு' தேன், 'பச்செ' பசுமை, 'கொங்கு' அண்டைத் தமிழ்நிலத்தை நினைவூட்டும். இங்கும் எண் ஏழால் அமைகிறது. பெயர் நிலத்தால் அமைகிறது. ஆயினும் இந்த 77-ஐக் கொண்டு எவரும் இமயத்துக்கு நிகரான மலைத்தொடரை வரையவில்லை. மலை கண்முன் நிற்கிறது. குமரிக்குத் தெற்கே கடல்தான் இருக்கிறது.

உரைப்பகுதியை ஆங்கிலத்தில் தருவோர் 'நாடு' என்பதைக் 'கன்ட்ரி' எனப் பெயர்ப்பதுண்டு. அச்சொல்லைப் பெயர்க்காமல் நாடு என்றே நிறுத்துதல் தக்கது. சோழர் ஆட்சிப் பிரிவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியர்கள் அவ்வாறே செய்கின்றனர்.