பெரட்டும் நிரையும்: தோட்ட உழைப்பின் நிறைவைப் படிக்கும் முறை

மலேசியத் தமிழ்ப் புனைகதை பற்றிய நம் திறனாய்வு, தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பெரும்பாலும் ஒரு துன்ப வரலாறாகவே படித்து வந்துள்ளது. கங்காணி முறை, சயாம்–பர்மா இரயில் பாதை, தோட்டத் துண்டாடல், வேலையிழப்பு ஆகியனவற்றை ஒட்டியே அப்படிப்பு அமைந்துள்ளது. அதற்கு வரலாற்று நியாயம் உண்டு. ஆயினும், பால்மரம் வெட்டி முதிர்ந்தோர் தம் தொழிலைப் பற்றிப் பேசும்போது துன்பத்தோடு மற்றோர் உணர்வும் உடன் வருவதைக் கேட்கலாம். தம் நிரையில் ஒரு மரத்தையும் காயப்படுத்தாமல் வெட்டியதைச் சொல்லுங்கால் அவர்தம் குரலில் ஒரு நிறைவு தொனிக்கின்றது. இந்நிறைவைத் திறனாய்வு எங்ஙனம் படிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்குக் கோத்தா திங்கி பொருத்தமான களமாகும். பரப்பளவில் ஜோகூரின் மிகப் பெரிய மாவட்டமான இங்கு, ரப்பர் நின்ற நிலத்தின் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. 1972-இல் நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியமும் (கெஜோரா) ஃபெல்டா குடியேற்றத் திட்டங்களும் காட்டு நிலத்தையும் செம்பனைத் தோட்டமாக்கின. செம்பனைக்கு ஏக்கர் ஒன்றுக்குத் தேவைப்படும் ஆள்கள் குறைவு. ஒரு மரத்தில் குலை வெட்டும் முறை 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறையே வரும். ஆகவே, பயிர் மாறியபோது வேலை மட்டுமன்றித் தொழிலாளியின் ஒரு நாளின் அமைப்பே மாறிற்று. அந்த அமைப்பை உடலால் அறிந்தோர் இன்று முதியோர்.

அந்நாள் பெரட்டில் தொடங்கும். விடியுமுன் பெயர் கூப்பிடப்படும். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும். ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், பட்டையை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். உளி ஆழ்ந்தால் மரம் காயப்படும். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி அடுத்த வெட்டுக்கு உதவாது. ஒட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து, வெட்டி முடித்த நிரைக்கே மீண்டும் வந்து பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் அன்றைய பணி முடியும்.

ஆங்கிலேய வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், செய்யும் பணியை ஒட்டி அமையும் காலத்தையும் கடிகாரத்தால் அளக்கப்படும் காலத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரே நாளில் இவ்விரு காலங்களும் இருந்தன எனலாம். பெரட்டு நிர்வாகத்தின் காலம். அங்கே தொழிலாளி ஒரு பெயர், ஒரு வருகைக் குறி. நிரை மரத்தின் காலம். அங்கே வெட்டின் ஆழத்தை முடிவு செய்வது அவர் கை. தோட்ட வாழ்வில் நிறைவு என ஒன்று இருந்திருப்பின், அது பெரும்பாலும் இவ்விரண்டாம் காலத்தில்தான் இருந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இக்கருதுகோளில் ஓர் இடர் உண்டு. ‘போதுமென்ற மனம்’ என்பதைத் தொழிலாளி தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது ஒன்று. கூலி கொடுப்போர் அதனை அவருக்குச் சொல்வது முற்றிலும் வேறொன்று. வடகிழக்குப் பருவமழையில் மரம் வெட்ட இயலாத நாளில் நாட்கூலிக்காரரின் வருவாய் நின்றுபோகும். 2006 திசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கிய கோத்தா திங்கிக்கு மழையைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்ச ஊதியம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவற்றை மறைத்து எளிய வாழ்வின் இனிமையைப் பேசும் எழுத்து, நிறைவைப் பேசவில்லை, அடங்கிப்போதலையே அறமாக்குகின்றது.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இவ்விடருக்கு ஆளாகாத நாவல். 1970-களில் மலேசியா வந்து சென்ற அகிலன், தோட்டத் துண்டாடல் விளைத்த நிலையின்மையைத் தம் நாவலின் மையமாக்கினார். தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்டபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரையே உரிமையாளராக்க முயன்றது. அக்காலத்தின் பின்னணி இது. ஆனால், விருந்தினரின் பார்வைக்கு முதலில் புலப்படுவது பெரட்டின் அநீதியே. நிரையில் தனித்து நிற்கும் கையின் நுட்பம், அதனோடு வாழ்ந்தவரே எழுதவல்ல பொருள்.

நிறைவையும் அதன் அழிவையும் ஒருசேரக் காட்டும் படைப்பு, நம்மிடையே ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியத்தின் ‘த ரிட்டர்ன்’ (1981). கெடா மாநிலத்துப் பீடோங்கைச் சேர்ந்த அவர் படைத்த பெரியதாயி என்னும் பாட்டி, பாத்திரங்களைச் செப்பனிட்டும் தின்பண்டம் விற்றும் மக்களை வளர்க்கின்றாள். அன்றாடப் பணியும் வெள்ளிக்கிழமை வழிபாடும் அவள் வாழ்வுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. அவ்வொழுங்கில் அவள் நிறைவோடு இருக்கின்றாள் என்பதை வாசகர் ஐயுற இடமில்லை. அதனைக் குலைப்பது வறுமையன்று. தான் வீடு கட்டி வாழ்ந்த நிலம் தனக்கு உரியதன்று என்னும் செய்தி. அவளுடைய மகனும் நிலவுரிமை கிட்டாமல் மனம் பேதலித்துத் தீயில் மடிகின்றார். எளிமையைத் தாங்கிக்கொள்ளும் மனம், நிலையின்மையைத் தாங்கவில்லை. இதுவே இந்நாவலின் நுட்பமான தீர்ப்பு.

இங்கிருந்து திறனாய்வுக்கு ஓர் அளவுகோல் பெறலாம். ஒரு படைப்பு எளிய உழைப்பின் நிறைவைக் காட்டும்போது, அந்நிறைவு யாருடைய காலத்தில் பிறக்கின்றது, அதனை நாளையும் தொடர்வதற்கான உறுதி அம்மனிதருக்கு உண்டா என இரண்டையும் கேட்க வேண்டும். முதல் வினாவை விடுத்தால் தொழிலாளி வெறும் பலியாள் ஆகிவிடுவார். அவர் கற்ற நுட்பத்தையும் அதில் கொண்ட பெருமிதத்தையும் நாமே பறித்தவர்களாவோம். இரண்டாவதை விடுத்தால் சுரண்டலுக்குத் துணை போவோம்.

தமிழாசிரியர்க்கு இதில் பணியுண்டு. பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை முதலிய சொற்கள் வகுப்பறையில் இன்று குறிப்புரை வேண்டும் சொற்களாகி வருகின்றன. கோத்தா திங்கி போன்ற வட்டாரங்களில் வாழும் முதியோரிடம் மாணவர் சென்று, பட்ட துயரத்தோடு, உளி பிடித்த முறையையும் ஒரு நிரை முடிந்தபின் உண்டான மனநிலையையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இல்லையேல், நாளைய திறனாய்வாளர்க்கு அவர்களைப் பற்றிய இரக்கம் எஞ்சும்; மதிப்பு எஞ்சாது.