பசிபிக் கரையின் பசி நேரங்கள்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், மசாட்லானிலோ புவேர்ட்டோ வயார்ட்டாவிலோ வீடு பிடித்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர் இரவு எட்டு மணிக்கு இறால் சாப்பிடக் கிளம்பினால், ஊர்க்காரர்கள் மெச்சும் கடை பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். கடல் உணவு அங்கே பகல் உணவு. காலையில் வந்து இறங்கிய மீன் மதியத்துக்குள் தட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. எது சுவை என்று கேட்பதற்கு முன் எது எந்த நேரத்துக்கு உரியது என்று தெரிந்துகொண்டால், பாதி ருசி கைக்கு வந்துவிடும்.

காலையில் டோர்ட்டியா என்ற சோள ரொட்டி விற்கும் கடை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பது பழைய முறை. சுண்ணாம்பு பட்டால்தான் சோளமாவு பிசுபிசுத்துச் சேரும்; தானியத்துக்குள் சிக்கியிருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் ஒட்டும். சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பா இந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டது. விளைவாக, சோளமே கதியென்று கிடந்த இத்தாலிய ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் டோர்ட்டியாக் கட்டிலிருந்து சூடாக ஒன்றை உருவி, உப்பு மட்டும் தூவிச் சுருட்டிக் கடித்துப் பார்க்க வேண்டும். நல்ல டோர்ட்டியா மடித்தால் விரிசல் விடாது. வெந்த சோளத்தின் வாசனையோடு மெல்லிய சுண்ணாம்பு மணமும் வரும். இந்த மணம் பிடிபட்டவருக்குப் பாக்கெட் டோர்ட்டியா பிறகு சப்பென்றிருக்கும்.

மதியம் அக்வாசீலே. சினலோவா மாநிலத்தின் பெருமை இது. பச்சை இறாலை முதுகில் கீறி விரித்து, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அரைத்த நீரை ஊற்றி, வெள்ளரியும் வெங்காயமும் போட்டு உடனே பரிமாறுவார்கள். செவிச்சே என்ற இன்னொரு பச்சை மீன் உணவில் மீன் எலுமிச்சைச் சாற்றில் ஊறி வெளுக்கும். இங்கே இறால் பாதி கண்ணாடியாக இருக்கும்போதே வாய்க்குப் போக வேண்டும். புளிப்பு இறாலின் சதையை இறுக்குமே தவிர, நெருப்பைப் போலக் கிருமியைக் கொல்லாது. அதனால், சரக்கு தேங்காதபடி கூட்டம் அலைமோதும் கடையே நல்ல கடை. பசிபிக் பக்கம் ஏறக்குறைய மார்ச் முதல் செப்டம்பர் வரை கடல் இறால் பிடிக்கத் தடை உண்டு. அந்த மாதங்களில் இது வளர்ப்பு இறாலா, உறைய வைத்ததா என்று கேட்பதில் தவறில்லை.

பச்சையாகத் தின்னத் தயங்குபவருக்கு நயாரித் மாநிலத்தின் சரந்தேயாதோ இருக்கிறது. சங்கரா இனத்து மீனை முழுசாகப் பிளந்து விரித்து, மிளகாய் மசாலா தடவி, கம்பி வலைக்குள் வைத்து விறகுத் தணலில் சுடுவார்கள். ஓரத்தில் கருகிய பகுதியை முதலில் பிய்த்து, டோர்ட்டியாவில் வைத்து, எலுமிச்சை பிழிய வேண்டும்.

சாப்பாட்டுக்குத் துணை அக்வா ஃப்ரெஸ்கா. பெரிய கண்ணாடிச் சாடியிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றும் குளிர்பானம். சிவப்பாக இருப்பது ஹமைக்கா. புளிச்சைச் செடியின் இதழ்க் கிண்ணத்தைக் கொதிக்கவைத்தது. புளித் தண்ணீரும் உண்டு. குடிநீரைப் பொறுத்தவரை உள்ளூர்க்காரர்களும் குழாயை நம்புவதில்லை. இருபது லிட்டர் கேன் வீட்டுக்கு வீடு வரும்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரை நடைபாதையில் சுரைக்குடுவையோடு தூபாக்காரர் வருவார். தூபா தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்தக் கலையைக் கொலீமா மாநிலக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தென்னங்கள் தெரிந்த நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் மேலே மிதக்கும் வேர்க்கடலையும் ஆப்பிள் துண்டும் திகைக்க வைக்கும். இறக்கிய சிறிது நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கும் என்பதால், இனிப்பாக வேண்டுபவர் உடனே குடித்துவிட வேண்டும். பக்கத்திலேயே தேஹுயினோவும் கிடைக்கும்: சோளமாவையும் வெல்லத்தையும் லேசாகப் புளிக்கவிட்டு, எலுமிச்சையும் உப்பும் ஐஸும் சேர்த்தது. முதல் மடக்கில் முகம் சுளிப்பவர்கூட, உப்பை நன்றாகக் கலக்கிவிட்டுக் குடித்தால் மூன்றாவது மடக்கில் சமாதானமாகிவிடலாம்.

இரவு, டோர்ட்டியாவில் இறைச்சி வைத்து மடித்த டாகோ விற்கும் வண்டியின் நேரம். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வழிவந்ததுதான் அல் பஸ்தோர்: செங்குத்துக் கம்பியில் பன்றி இறைச்சி, உச்சியில் அன்னாசி. முதல் கடியைச் சல்சா என்ற காரச் சட்னி இல்லாமல் சாப்பிட்டால் இறைச்சி பேசும். இரண்டாவது கடிக்குச் சல்சாவைத் துளி விட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று சாப்பிடுபவரிடம் 'ப்ரொவேச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டு நகர்வது மரியாதை. பணம் கடைசியில் கொடுத்தால் போதும். எத்தனை டாகோ என்று கடைக்காரர் கேட்கும் வண்டிகளில், எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வது சாப்பிட்டவரின் வேலை.