கொடுமுடிக் குரலும் கவுந்தியடிகளும்

கே.பி. சுந்தராம்பாள் பேரைச் சொன்னால் போதும், "ஆகா, என்ன சாரீரம்!" என்பார்கள் நம்மவர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். நடிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த அம்மையாருக்கு நாம் செய்கிற அநியாயம் இது என்றே எனக்குப் படுகிறது.

பலமனேரில் என் தெலுங்கு நண்பர்கள், பெண் வேடத்தில் புகழ்பெற்ற ஸ்தானம் நரசிம்மராவைப் பற்றிப் பேசினால் சத்தியபாமையின் நடையையும் கண்ணையும் சொல்லித் தீராது. நாம் மட்டும் ஏன் காதோடு நின்றுவிட்டோம்?

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். ரயிலில் பாடிய சிறுமியை வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்தார்கள். முதலில் கிடைத்தது ஆண்பிள்ளை வேஷம்: நல்லதங்காளின் பசித்த மகன். பிறகு ஸ்பெஷல் நாடகம். அதற்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள், அன்று ராத்திரியே மேடை ஏற வேண்டும். வேலன் மடக்கினால் வள்ளி அந்த இடத்திலேயே பதில் சொல்லணும், பாடணும். வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட முடியுமா? 1926-ல் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஈடாக அவர் நின்றது இந்தப் பயிற்சியால்தான். மறு வருஷம் திருமணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது இவருக்கு வயது 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். அப்புறம் வந்த வேஷங்களைப் பாருங்கள். 1935-ல் நந்தனார் ஆகி ஆண் வேஷம். அதற்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. 1940-ல் மணிமேகலை, பௌத்தத் துறவி. 1953-ல் ஔவைக் கிழவி. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி, சமணத் துறவி. இளம் விதவைக்குத் தமிழ் ரசிகர் அனுமதித்த உடுப்பு இவ்வளவுதான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் நின்றே அவர் சட்ட மேலவை வரை போனார் என்பது வேறு கதை.

கவுந்திக்கு வருகிறேன். முருக பக்தையான சுந்தராம்பாள் எங்கள் கந்தியாராக நடித்தது பொருந்துமா என்று சமணர் சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இளங்கோவின் கவுந்தி பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் ஏந்தி நடப்பவர். வயல் வரப்பில் நண்டும் நத்தையும் மிதிபட்டுவிடுமே என்று கோவலனை எச்சரிப்பவர். தெய்வத்தைக் கூவி அழைப்பது அவர் இயல்பு அல்ல, எல்லாம் வினைப்பயன் என்று அடங்குவதே இயல்பு. சுந்தராம்பாளின் குரலோ அழைக்கிற குரல். உச்சத்தில் ஏறி நின்று தெய்வத்திடம் வழக்குப் பேசுகிற குரல். பாட்டு என்று பார்த்தால் அது சைவப் பாட்டுதான், சமணம் அல்ல. இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் உறையூர்ச் சோலையில் கண்ணகியையும் கோவலனையும் கேலி செய்தவர்களை நரிகளாகும்படி சபித்ததும் அதே கவுந்திதானே! பிறகு அந்த இருவரும் கேட்டுக்கொண்டதால் சாபத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார். அடக்கத்துக்குள்ளே ஒரு தாயின் கோபம் உண்டு. அந்தக் கோபம் இந்த அம்மையாரிடம் இருந்தது. வெள்ளையும் அவருக்கு ஒப்பனை அல்ல, முப்பது வருஷம் உடுத்தியது. திகம்பர மரபின் ஆர்யிகைகள் உடுத்துவதும் அதே வெள்ளைதான்.

வீட்டில் அந்தப் படத்தைப் போட்டால், அவர் வரும் இடங்களில் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள்.