‘கடிக்காது’

ஆன்டன் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யைக் காதல் கதை என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், 1899-ல் வெளியான அந்தக் கதையை நான்காம் முறையாகப் படித்தபோது காதலர்களைவிட நாயைத்தான் நான் அதிகம் கவனித்தேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

யால்டா கடற்கரைச் சாலை, நாலு பேர் உலாவும் பொது இடம். ஊருக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தியின் பின்னால் வெள்ளைப் பொமரேனியன் ஒன்று ஓடிவருகிறது. குரோவ் என்னும் மாஸ்கோக்காரன் ஒரு மாலை அதை நயமாகச் சைகை காட்டி அழைக்கிறான். கிட்டே வந்ததும் விரலை ஆட்டி மிரட்டுகிறான். நாய் உறுமுகிறது, மறுபடியும் மிரட்டுகிறான். கடிக்காது என்று சொல்லி அவள் முகம் சிவக்கிறாள். எலும்பு போடலாமா என்று அவன் அப்போதுதான் அனுமதி கேட்கிறான்.

பிறத்தியார் நாயை அழைக்குமுன் கேட்பதுதான் மரியாதை. இவனோ அழைத்து, சீண்டி, கடைசியில் கேட்கிறான். பெண்களிடமும் அவன் அதுவரை அப்படித்தான் நடந்து வந்திருக்கிறான். செகாவ் இதைச் சும்மா எழுதவில்லை. மெலிகோவோ பண்ணையில் புரோமின், கொய்னா என்று மருந்துகளின் பெயரை வைத்து இரண்டு நாய்கள் வளர்த்த டாக்டர் அவர்.

பிறகு குரோவ் அவளைத் தேடி அவள் ஊருக்கே போகிறான். வீட்டெதிரே காத்திருக்கும்போது, வாசலில் நுழைந்த பிச்சைக்காரன் ஒருவன்மீது நாய்கள் பாய்கின்றன. ஒரே வரி. அவன் கதி என்ன என்று ஆசிரியர் சொல்லவில்லை. ரசிகர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் மூன்று முறை தாண்டியவன்தான். நல்ல உடுப்புப் போட்ட கனவானுக்குக் ‘கடிக்காது’ என்ற உத்தரவாதம் கிடைத்தது. பிச்சைக்காரனுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

இனி என் சங்கதி. சில வருஷங்களுக்கு முன் என்னிடமும் ஒரு நாய் இருந்தது. காலையில் ஏரிக்கரைப் பாதையில் சங்கிலியைக் கழற்றிவிட்டு உலாவப் போவேன். நண்பர்கள் எதிரே வந்தால் வாலை ஆட்டும். ஒரு நாள் கீரைக்காரக் கிழவியின்மேல் தாவிவிட்டது. கூடை கவிழ்ந்து கீரையெல்லாம் சேற்றில். நான் பத்தடி தூரத்திலிருந்தபடியே, “கடிக்காது ஆயா, பயப்படாதே!” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும் சாமி. எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள்.

கீரைக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து நான் சங்கிலியைக் கழற்றவில்லை. யாராவது எதிர்ப்பட்டால் அதைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று வழி விடுவேன். ஆனால் அவள் அந்தப் பாதையில் திரும்ப வரவே இல்லை.

பிச்சைக்காரன் போன பிறகு, ஒரு கிழவியோடு அந்தப் பொமரேனியன் வெளியே வருகிறது. குரோவ் அதைக் கூப்பிட நினைக்கிறான். படபடப்பில் பெயர் ஞாபகம் வரவில்லை, பேசாமல் நிற்கிறான். யால்டாவில் சொடுக்குப் போடாத குறையாக அழைத்தவன் இங்கே எட்டி நிற்கக் கற்றுக்கொண்டான். அவன் காதலை நான் நம்ப ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.