மார்க்கெட் மேலே மேகம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மழைப்படம் எடுக்க நல்ல நேரம், முதல் தூறல் விழுவதற்குச் சற்று முன்னால். தரைக்கடைக்காரர்கள் தார்ப்பாயின் நுனியைப் பிடித்து இழுத்துக் கட்டுவார்கள். கொத்தமல்லிக் கட்டுகள் கோணிக்குள் போகும். தலையில் சும்மாடும் மூட்டையுமாக லோடுமேன்கள் நடையை எட்டிப் போடுவார்கள். வடக்கே பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்திருக்க, மேற்கே வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தால் மலைக்கோட்டையின் இடது விலா மட்டும் பொன்னாக எரியும். அந்த வெளிச்சம் சில நிமிடங்களே தங்கும். அதைப் பிடித்த படத்தைப் பார்த்தால் ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது.

வேலைக்குப் போய்க்கொண்டே, கடையைக் கவனித்துக்கொண்டே, கல்லூரியில் படித்துக்கொண்டே கேமராவோ போனோ தூக்குகிறவர்கள் எடுக்கும் இப்படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். தொழில்முறைக் கலைஞர் கல்யாணத்துக்கும் விளம்பரத்துக்கும் தேதி குறித்து வருவார். இடிமழை தேதி சொல்லி வருவதில்லை. அது வரும்போது ஊரில் இருப்பவருக்குத்தான் அகப்படும். அதனால் ஓர் ஊரின் வானத்தை அறிய அந்த ஊர் அமெச்சூர்களிடம்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருச்சியை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் ராணுவத்தின் அதிகாரியான இவருக்கும் புகைப்படம் ஆசையாகத்தான் தொடங்கியது. 1856இல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரரானார். 1858இன் தொடக்கத்தில் மெழுகுத்தாள் நெகட்டிவ்களோடு இங்கே வந்து மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்தார். அன்றைய ரசாயனத்துக்கு நீல ஒளி மட்டும் கூர்மையாகப் பதியும். கோபுரத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுப்பதற்குள் வானம் வெளுத்துப்போகும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகை கொண்டு மேகங்களைத் தாமே தீட்டினார். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கொரு நெகட்டிவ், வானத்துக்கொரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக்கொண்டிருந்தார். மேகத்துக்காக இவர்கள் பட்ட பாட்டை நினைக்கும்போது, மார்க்கெட் வாசலில் பத்தாயிரம் ரூபாய் போனில் ஒரு பையன் இடிமேகத்தின் ஒவ்வொரு மடிப்பையும் பதிவுசெய்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் வானம் மட்டும் இருந்தால் போதாது. மேகத்தை மட்டும் எடுத்த படம் எந்த ஊருக்கும் பொருந்தும். படத்தின் அடியில் ஊர் இருக்க வேண்டும். 1868இல் தோன்றி 1927இல் விரிவாக்கப்பட்டு காந்தி பெயரைப் பெற்ற இந்த மார்க்கெட் அதற்கு அள்ளிக் கொடுக்கிறது. பக்கத்திலேயே முதல் உலகப் போர் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. இரவில் லாரிகள் வந்து சரக்கு இறங்குகையில் மழையும் சேர்ந்துகொண்டால் நனைந்த தரை எல்லா விளக்கையும் திருப்பிக் காட்டும். பகலில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே போனால் தக்காளிகூட ஊதாவாகத் தெரியும். போன் தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கும். அந்த நீலத்தை அப்படியே விட்டவருடைய படமே உண்மையாக இருக்கிறது.

மேகத்தின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். சித்திரை, வைகாசியிலும் பிறகு ஆவணி, புரட்டாசியிலும் மாலையில் எழும் இடிமேகத்துக்கு உருவம் உண்டு, தலை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் சாம்பல் பூசிய சுவராகிவிடும். அப்போது நல்ல கண் உள்ளவர்கள் மேலே பார்ப்பதை விட்டுத் தேங்கிய நீரைப் பார்க்கிறார்கள்.

இங்கே இன்னொரு விந்தை உண்டு. காவிரியில் வெள்ளம் வரும்போது திருச்சியில் பெரும்பாலும் வெயில் அடிக்கும். மழை குடகில். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று தெற்கே பார்த்தால் செந்நீருக்கு அப்பால் தெளிந்த வானத்தில் மலைக்கோட்டை. 2018 ஆகஸ்ட்டில் அப்படித்தான் இரு கரையிலும் கேமராக்கள் கூடின. அந்த வெள்ளத்தில் 1928இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பாலம் பின்னர் இடித்து அகற்றப்பட்டது. அதன் கடைசி நாட்களுக்கு ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள் சாட்சியாக இருக்கின்றன.

மின்னல் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இரவில் முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, ஷட்டரைப் பத்து முதல் முப்பது வினாடி திறந்து வைத்து அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காரைக்கால் ரேடார் படம் போனிலேயே கிடைக்கிறது. மேகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். மின்னலுக்குப் பின் முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மலை உச்சியிலோ காவிரிப் பாலத்திலோ மொட்டை மாடியிலோ நிற்காதீர்கள். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். எந்தப் படமும் உயிருக்கு ஈடல்ல.

இப்போது வெறும் வானத்தை மாற்றி எந்த மேகத்தையும் ஒட்டித் தரும் செயலிகள் வந்துவிட்டன. ட்ரைப் மேகம் தீட்டியது அவருக்கு வேறு வழி இல்லாததால். நமக்கு அந்தக் குறை இல்லை. மார்க்கெட்டின் மேல் அன்று எந்த மேகம் நின்றதோ அதையே விட்டுவையுங்கள். தெரிந்தெடுத்த படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்பக்கம் நாள், நேரம், நின்ற இடம், பார்த்த திசை நான்கையும் பேனாவால் எழுதி வையுங்கள்.