பெயருள்ள சாட்சி, பெயரிலாச் சாட்சி: ‘பாலைவனப் பூ’ தன்வரலாறும் தருமபுரி மலைமக்கள் வழக்கும்

முன்னுரை

சோமாலிய நாடோடி மேய்ச்சல் குடியில் பிறந்த வாரிஸ் டைரி, மாடல் அழகியாகப் புகழ்பெற்று, பின்னர்ப் பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு எதிரான போராளியானவர். காத்லீன் மில்லருடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாறு ‘பாலைவனப் பூ’ (1998). ஒரு பெண்ணின் சாட்சியம் செவிமடுக்கப்படுவதற்குப் புகழ் முன்நிபந்தனையா என்னும் வினாவை இந்நூல் எழுப்புகிறது. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இவ்வினா அயலானதன்று. அதே மாவட்டத்தில், அதே பழங்குடியினர் வாழும் வாச்சாத்தியின் வழக்கு இதற்கு வேறொரு விடையைத் தருகிறது.

புகழ் திறந்த செவிகள்

ஏறத்தாழ ஐந்து வயதில் உறுப்புச் சிதைப்புக்கு ஆளானதையும், ஐந்து ஒட்டகங்களுக்கு ஈடாக முதியவர் ஒருவருக்கு மணமுடிக்கத் தந்தை முயன்றபோது தப்பியோடியதையும் டைரி விவரிக்கிறார். லண்டனில் பணிப்பெண்ணாக இருந்த அவர், பின்னர் 1987ஆம் ஆண்டுப் பிரெல்லி நாட்காட்டியில் இடம்பெற்றார். 1997இல் இதழொன்றின் நேர்காணலில் தம் உடலுக்கு நேர்ந்ததை வெளிப்படுத்தினார். அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புத் தூதரானார்.

சடங்குக்கு உடன்பட்ட தாயைக் கொடியவராகக் காட்டாமல், மகளின் மணவாழ்வுக்கு வேறு வழியறியாதவராகக் காட்டுவது நூலின் வலிமை. தப்பியவரின் வெற்றிக்கதையாகவே அது கட்டமைக்கப்பட்டிருப்பது அதன் எல்லை. தப்ப இயலாதோர், சடங்குக்குப் பின் இறந்த சகோதரி உட்பட, கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

பெயரின்றி நின்ற சொல்

1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்னும் பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வாச்சாத்தியில் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். இப்பெண்களுக்கு உலகப்புகழ் இல்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் துணைநிற்க, அவர்கள் தம் வாக்குமூலத்தில் உறுதியாக நின்றனர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

டைரிக்குப் பெயரே ஆயுதம். வாச்சாத்திப் பெண்களுக்குப் பெயரின்மையே காப்பு. வன்கொடுமைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடைசெய்கிறது. முன்னது விரைவில் செவிகளைத் திறந்தது. பின்னது 19 ஆண்டுகள் காத்திருந்தது. எனினும், ஒருவரை மீட்புநாயகியாக உயர்த்தாமல், பதினெண்மரின் சொல்லும் ஒருங்கே ஏற்கப்பட்டமை பின்னதன் தனிச்சிறப்பு.

முடிவுரை

புகழ் செவியைத் திறக்கும். ஆனால் உண்மைக்கு அது சான்றாகாது. தன்வரலாறு அச்சேறிய பெண்ணை மட்டுமே சாட்சியாகக் கொள்ளும் திறனாய்வு, நூலெழுதாப் பெண்களை மீண்டும் ஒருமுறை கேளாமல் விடுகிறது. நீதிமன்ற வாக்குமூலங்களையும் வாய்மொழி வழக்காறுகளையும் தன்வரலாற்றுக்கு நிகரான பனுவல்களாகக் கொண்டு வாசிப்பது தமிழ்ப் பெண்ணிய ஆய்வின் உடனடிக் கடமையாகும்.