ஒரு பிட் கேள்விக்கு முழு பாஸ்போர்ட்டா?

பிரிட்டனின் 2023 ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் ஒரு ஒப்பீடு கட்டாயம் வரும். "மதுக்கடையில வயசு கேட்கறாங்க, இணையத்துல கேட்டா என்ன தப்பு?" நியாயமான கேள்விதான். ஆனால் மதுக்கடைக்காரர் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 2017இல் அங்கே 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். இணையத்தில் அவள் பார்த்த பதிவுகளுக்கும் அந்தச் சாவில் பங்குண்டு என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அதைப் படித்தபின் 'எதுவும் செய்யாதே' என்று சொல்ல மனசு வராது.

செய்த விதம்தான் இடிக்கிறது. 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களும், சிறுவர்களுக்குத் தீங்கான பதிவுகளை அனுமதிக்கும் தளங்களும் பயனரின் வயதைச் சரிபார்த்தாக வேண்டும். 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று டிக் அடிப்பது செல்லாது. மீறினால் அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். சரிபார்க்கும் வழிகளையும் ஆஃப்காம் சொல்லியிருக்கிறது: அடையாள அட்டை, முகத்தை வைத்து வயதைக் கணிப்பது, கிரெடிட் கார்டு, இன்னும் சில.

ப்ரோக்ராமராகப் பார்த்தால் தளத்துக்குத் தேவை ஒரே ஒரு பிட். 18 தாண்டியாச்சா, இல்லையா? பெயரோ முகவரியோ வேண்டாம். அந்த ஒரு பதிலை மட்டும் அனுப்பத் தொழில்நுட்பம் இருக்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட மாதிரிச் செயலி அந்த வழியில் போவதுதான்.

ஆனால் எந்த சிஸ்டத்திலும் நான் முதலில் பார்ப்பது விதிவிலக்குகளை. முகக் கணிப்பு தவறும். 22 வயதுக்காரர் 16 மாதிரி இருப்பார். "நான் பெரியவன்தாங்க" என்று முறையிட்டால் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். அந்தப் படம் வாடிக்கையாளர் சேவை டிக்கெட்டில் போய் உட்காரும்.

2025இல் டிஸ்கார்டுக்கு நடந்தது இதுதான். சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். வயது தொடர்பான முறையீட்டுக்காக அனுப்பப்பட்ட படங்கள் அவை. கசிந்தது, வாடிக்கையாளர் சேவைக்கு வைத்திருந்த வெளி நிறுவனம் வழியாக.

பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். பிறந்த தேதியை மாத்த முடியுமா?

தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்று பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சரிபார்க்காத தளம் வெளியே தெரிந்துவிடும். படத்தை அழிக்காத தளம், திருட்டுப் போன பிறகுதான் தெரியும். நிறுவனம் எதற்கு அதிகம் பயப்படும்?

இதற்கிடையில், சட்டம் அமலானதும் பிரிட்டனில் தங்கள் விபிஎன்னில் சேர்வோர் 1,400 சதவீதத்துக்கு மேல் கூடியதாக புரோட்டான் சொன்னது. வழி தெரிந்தவர் சுற்றிப் போகிறார். சொன்னபடி கேட்டவரின் அட்டைதான் சர்வரில் கிடக்கிறது.

நம்ம ஊருக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. சம்மதம் சொல்பவர் பெரியவர்தானா என்று யாராவது பார்த்துத்தானே ஆகணும்? சந்தேகம் வந்தால் அட்டையை எங்கே அனுப்பச் சொல்வார்கள், அதை யார், எத்தனை நாளில் அழிப்பார்கள்? இதை இப்போதே கேட்டு வைப்போம்.